காய் விட்ட மச்சான்கள்

சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டும் கொளஞ்சியப்பனுக்கு மூக்கு மேல் கோபம். மச்சான் ஜெயப்பிரகாஷ் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதிலிருந்து, ஒரே ஸ்டாண்டில் ஆட்டோ நிறுத்தியும் இருவருக்கும் பேச்சே இல்லை.

ஒருநாள் காலை பள்ளிக்கூடம் போகும்போது மகள் சிந்துஜா, "அறிவுமதிகூட காய் விட்டுட்டேன். இனிமே பேசவே மாட்டேன்" என்றாள். சாயங்காலம் அதே அறிவுமதியின் தோளில் கைபோட்டபடி வந்தாள்.

"காலைல காய்னியே?"

"மத்தியானமே பழம் விட்டுட்டோம்ப்பா. பேசாம எப்டி வெளையாடுறது?"

மகளை ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்ததும் கொளஞ்சியப்பன் நேராக மச்சானிடம் போய், முறைத்துக்கொண்டே இரண்டு விரலை நீட்டினார்.

"பழம் விடுறியா, இல்லியா?"

ஜெயப்பிரகாஷ் தன் கையையே பார்த்துத் திணறினார். "எந்த வெரலுன்னு மறந்துபோச்சே மச்சான்!"

சிந்துஜா ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்து, மாமாவின் விரல்களைப் பிரித்துவிட்டாள்.