இஞ்சிச் சாற்றில் உறைந்த பால்

பப்பாளிக் காயின் தோலில் நவமணி சவரத் தகட்டால் சாய்வாக நான்கு கோடுகள் கிழித்தாள். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்கு வருமுன் எட்டு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை. கோடு சாய்வாகத்தான் விழும். கசிந்த பாலைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்து வைத்துவிட்டு, பசுவின் பாலை அடுப்பில் ஏற்றினாள். அவளுக்குச் சீஸ் செய்யவேண்டியிருந்தது.

1984ஆம் வருஷம் அது. சீஸ் கேட்டவள் சுபைதா. மலேசியாவின் கோலசிலாங்கூர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மீரா சாகிபுவின் மனைவி. அவர்களுடைய மகள் சல்மா, புருஷன் வேலை பார்த்த ஜித்தாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, போன மாதம்தான் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே தினமும் காலையில் சாப்பிட்ட வெள்ளைச் சீஸ் வேண்டும் என்கிறாளாம். கடைச் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைப் போட்டு உறைய வைப்பார்கள். எப்படி அறுத்த கன்றோ, அது வீட்டுக்குள் வரக்கூடாது என்று மீரா சாகிபு சொல்லிவிட்டார்.

நவமணி உடனே சரி என்றாள். அவள் புருஷன் இருசப்பன் பக்கவாதத்தில் பதினோரு மாதம் கிடந்தபோது, அவள் டியூட்டிக்குப் போன நாளெல்லாம் குழையக் காய்ச்சிய கஞ்சி சுபைதாவிடமிருந்து பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வந்தது. ஒரு நாள் தவறவில்லை. மனுஷன் கடைசிவரை வயிறு காயாமல் போனார். நவமணிக்கு நன்றியை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. செய்து காட்ட ஒரு வழி கிடைத்ததே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

பப்பாளிப் பால் ஊற்றும் வித்தையை, துரை பங்களாவில் சமையல்காரராக இருந்த நல்லசாமி சொல்லிக் கொடுத்திருந்தார். பால் உறைந்தது. துணியில் வடித்து, உப்புப் போட்டு, மத்தியானப் பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோனாள்.

"கன்னுக்குட்டி சமாச்சாரமே இல்லக்கா. பப்பாளிப் பால் ஊத்துனது" என்று பெருமையாகக் கிண்ணத்தைத் திறந்தாள்.

சுபைதா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "யா அல்லா! பப்பாளியா?"

நவமணி திரும்பிப் பார்த்தாள். சல்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ந்த உதடு, மெலிந்த கையில் முழங்கைவரை ஏறிய வளையல். பதினாறு வருஷம் பிரசவம் பார்த்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"எத்தன மாசம்?"

"ரெண்டரை" என்றாள் சுபைதா மெல்ல. "இதுக்கு முன்ன ரெண்டு நிக்கல. மூணு மாசம் முடியாம வாய விட்டா கண்ணு பட்டுரும்னுதான் யாருக்கும் சொல்லல."

"கண்ணு படல. பப்பாளிதான் படப் பாத்துச்சு. எங்கிட்டயாச்சும் சொல்லக்கூடாதா?"

நவமணி கிண்ணத்தைச் சாக்கடையில் கொட்டினாள். கெடுதல் செய்யுமோ செய்யாதோ, இரண்டை இழந்தவள் பயந்துகொண்டே விழுங்குவது வயிற்றில் தங்காது.

"சோறு எத்தன நாளா நிக்கல?"

"நாலு நாளா, ஆண்டி. தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாத்தான். அந்தச் சீஸ நெனச்சா மட்டும் கொமட்டல."

"கிளினிக்குக்குப் போனியா?"

"போனா ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றாள் தாய்.

நவமணி உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைச் சல்மாவிடம் கொடுத்து, கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொன்னாள். "நாளைக்கு வேற சீஸ் கொண்டாறேன். அது வயித்துல நின்னா கிளினிக்குக்குப் போகணும். நிக்கலன்னாலும் போகணும்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"ஒண்ணுதான்க்கா."

அன்று எஸ்டேட்டுக்குத் திரும்பிய நவமணி பப்பாளி வேண்டாம் என்றதும் நல்லசாமி, "இஞ்சி இருக்கே" என்றார். "சீனங்க இஞ்சிச் சாத்துல பால உறைய வைப்பாங்க. வாந்திக்கும் அதான் நல்லது."

மறுநாள் காலையில் நவமணி பாத்திரத்தைக் கொதிக்க வைத்தாள், துணியைக் கொதிக்க வைத்தாள், இஞ்சிச் சாற்றையும் கொதிக்க வைத்தாள். ஆஸ்பத்திரிப் பழக்கம். சாற்றின் மேல் பாலை ஊற்றி மூடிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது.

நல்லசாமி சிரித்துச் சிரித்து இருமினார். "இஞ்சியையும் ஆஸ்பத்திரி ஊசியாட்டம் கொதிக்க வச்சிட்டியா? நீ ஆயாதான் லா, சமையக்காரி இல்ல. அதக் கொன்னுட்டு வேல செய்யச் சொன்னா எப்படிச் செய்யும்?"

"கிருமி இருக்குமே அண்ணே."

"நல்லாக் கழுவித் தோலச் சீவு. முத்தின இஞ்சி, அப்பவே துருவிப் புழிஞ்ச சாறு. பால் பொங்கட்டும், எறக்கி மாத்தி மாத்தி ஆத்து. வெரல் வைக்க முடியாத சூடு இருக்கணும், ஆனா கொதி அடங்கியிருக்கணும். சாத்து மேல ஊத்திட்டுச் சும்மா இரு. கிண்டுன, கெட்டுச்சு."

சும்மா இருப்பதுதான் நவமணிக்குக் கஷ்டம். புதிதாகப் பிழிந்த சாற்றின் மேல் பாலை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷத்தில் பால் கரண்டியைத் தாங்கியது. கத்தியால் கீறி, துணியில் கட்டித் தொங்கவிட்டாள். சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அளவு வெள்ளைக் கட்டி கிடைத்தது. மிருதுவானது, லேசாகக் காரமானது.

அதை உடனே டவுனுக்கு எடுத்துப் போனாள். சல்மா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். "ஜித்தாவுல இந்தக் காரம் இருக்காது" என்றாள். ஆனாலும் விழுங்கினாள். நவமணி, வாந்தி வந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஒரு பேசினை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் ஆனது. பேசின் காய்ந்தே இருந்தது. இன்னொரு கரண்டி, ரொட்டியோடு. அதுவும் தங்கியது. சல்மா சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

சுபைதா நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு நான் என்னடி செய்வேன்?"

"பதினோரு மாசம் செஞ்சீங்க. அப்ப நான் கேட்டனா? கைய விடுங்க, பஸ் போயிரும்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குக் கண் கலங்கியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சல்மா மிச்சமிருந்த சீஸைச் சாப்பிட்டு முடித்திருந்தாள். சுபைதா முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். மூன்று பேரும் கிளினிக்குக்கு நடந்தார்கள். தாதி சல்மாவை எடை பார்த்தாள்: நாற்பத்தொரு கிலோ. கர்ப்பிணி அட்டை எழுதி, இரத்தம் எடுத்து, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கத் தேதி கொடுத்தாள். நவமணி அட்டையை வாங்கித் தேதியை இரண்டு தரம் படித்துப் பார்த்து, சுபைதாவின் கைப்பையில் வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.