அவள் சொன்னாள், நான் எழுதினேன்

நோட்டு அட்டையில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தால், கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு காலத்தில் நம் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேண்டுமானால் அம்மாவைக் கேளுங்கள். அந்தக் கையெழுத்து எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

பெரியவள் அப்போது இரண்டாம் வகுப்பு. சின்னவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். நான் சிதம்பரத்தில் ஓர் எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்தேன். கடலூரில் கண் தெரியாதவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடந்தது. அங்கே ஃபேன், டேப் ரெக்கார்டர் எது நின்றுபோனாலும் எங்கள் கடைக்குத்தான் போன் வரும், நான் பஸ் ஏறிப் போவேன். வாடகை வீடுதான். முன்னறையில் யாராவது பாடப் புத்தகத்தை வாசித்து கேசட்டில் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். கூடத்தில் நாலைந்து பேர் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவார்கள். பின்பக்கம் வெள்ளைக் கோல் பிடித்து நடக்கச் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஒரு நாள் நான் எழுதிக் கொடுத்த பில்லைப் பார்த்துவிட்டு, அங்கே பொறுப்பில் இருந்த மேடம், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பத்தாவது என்றேன். இந்தப் பதிலைச் சொல்லும்போது எப்போதும் என் குரல் இறங்கிவிடும். மேடத்துக்கோ ஒரே சந்தோஷம்.

"உங்கள மாதிரி ஆளத்தாங்க தேடிக்கிட்டு இருக்கேன்."

கண் தெரியாதவர்கள் பரீட்சையில் பதிலைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். அந்த ஆள் பரீட்சை எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரே பதில் போட்டுவிடுவார் அல்லவா? பத்தாவதோடு நின்றதற்காக என்னை ஒருவர் தேடியது அதுதான் முதல் தடவை. பிரம்பு பின்னிக்கொண்டிருந்த அண்ணன் கையை நிறுத்தாமலே, "மேல படிக்காம தப்பிச்சீங்க சார்" என்றார்.

நான் எழுத வேண்டியது குமராட்சிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு. பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. வரலாறு, கடைசி வருஷம். அவள் அப்பா கூலிக்கு வயல் வேலைக்குப் போகிறவர். கடலூர் விடுதியில் விட்டுப் படிக்க வைத்ததே பெரிய காரியம். ஒரு பேப்பரில் போனாலும் வீட்டோடு வந்துவிட வேண்டியதுதான், அதற்கு மேல் படிப்பு கிடையாது என்று சொல்லியிருந்தார். அவளுக்கோ பி.எட். படித்து டீச்சராக வேண்டும். மொத்தம் ஐந்து பேப்பர்.

முதல் பேப்பருக்கு நான் ஸ்கேலும் இரண்டு கலர் பேனாவும் வாங்கிக்கொண்டு போனேன். தனி அறை கொடுத்தார்கள். கேள்வியை ஒரு தடவை வாசித்தால் போதும், பம்ப்செட் தண்ணீர் மாதிரி பதில் கொட்டும் அவளுக்கு. நானோ ஒவ்வோர் எழுத்துக்கும் சுழி போட்டு, தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு இழுத்து, கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரும்மா என்று அவளை நிறுத்திக்கொண்டே இருந்தேன். அவள் அடுத்த வரியை உதட்டுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. திருத்துகிறவர் அசந்து போக வேண்டும் என்பதே என் நினைப்பு. கூடுதல் நேரமும் முடிந்து பேப்பரை வாங்கியபோது இரண்டு பெரிய கேள்விகள் தொடாமலே கிடந்தன. இரண்டுக்கும் அவளுக்குப் பதில் தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டாள். "எழுத்து நல்லாருக்குதாண்ணா?"

"நல்லாருக்கும்மா."

"எழுதாம வுட்டதுக்கு மார்க் போட மாட்டாங்கண்ணா."

சொல்லிவிட்டுக் கோலைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடத்திடம் சொன்னேன். அனுமதிக் கடிதத்தில் என் போட்டோதான் ஒட்டியிருக்கிறது, இனி மாற்ற முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை வாங்கண்ணா, பழகிக்கலாம் என்றாள் அவள்.

அந்த ஞாயிறு முழுக்க அவள் சொல்ல நான் எழுதினேன். நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சுழி போடுறீங்க."

"இல்லம்மா."

"பேனா சுத்துற சத்தம் கேக்குது. என்கிட்ட எதுக்கு பொய்யி?"

பிரம்பு அண்ணன் விடுவாரா? "சார் கோலம் போடுறாரு போல. புள்ளி ஜாஸ்தி வச்சிடாதீங்க சார்."

சாயங்காலத்துக்குள் என் எழுத்து கால் உடைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பார்க்கவே சகிக்காமல் ஆகிவிட்டது. ஆனால் அவள் பேச்சுக்குச் சமமாக ஓடியது. மிச்ச நான்கு பேப்பரிலும் ஒரு கேள்விகூட விடவில்லை. வாசித்துக் காட்டவும் நேரம் இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று மேடம் கடைக்குப் போன் செய்தார். நான்கில் நல்ல மார்க். முதல் பேப்பரில் போய்விட்டது. பெண்ணை அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு குமராட்சிக்கு மினி பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை. அவள் அப்பா அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தார், காலெல்லாம் சேறு. நான் யார் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னேன்.

"உங்க பொண்ணு ஃபெயிலாவலீங்க. அது சொன்னத நான் எழுதாம வுட்டுட்டேன். தப்பு என்னுது."

"இத சொல்லவா அங்கேருந்து வந்தீங்க?"

"ஆமாங்க."

அவர் கைப்பம்புக்குப் போய் வெகுநேரம் கால் கழுவினார். நான் கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். திரும்பி வந்து, மறுபடி எழுத விடுவார்களா என்று கேட்டார். ஐப்பசியில் எழுதலாம் என்றேன்.

"அப்ப நல்லா எழுதுற ஆளா பாக்கணும்."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இவரே வரட்டும்ப்பா. இப்ப இவரு கையெழுத்து நல்லா கெட்டுப்போச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. அவரே மகளைக் கடலூருக்குக் கூட்டிவந்து, பரீட்சை முடியும்வரை வெளியே குடையோடு நின்றார். நாங்கள் வந்ததும் மகளிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?"

"ஒண்ணுகூட வுடலீங்க."

குடையை மகள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வா போலாம் என்று நடந்தார். அந்தப் பேப்பரில் அவள் தேறிவிட்டாள். அடுத்த வருஷம் பி.எட். சேர்க்க அவளோடு வரிசையில் நின்றதும் அவர்தான்.