வாசலுக்கு வெளியே என் வகுப்பு

இலக்கியப் பட்டப்படிப்போடு முதியோர் கல்விச் சான்றிதழுக்கும் சேர்ந்திருந்தேன். பாடம் கல்லூரியில், செய்முறைப் பயிற்சி கொடைக்கானலுக்கு மேலே பூண்டியில், வெள்ளைப்பூண்டு வயல்களில் உழைக்கும் பெண்களுக்கு எழுத்தறிவிப்பது.

எங்கள் மேற்பார்வையாளர் நெடிய, ஒல்லியான அம்மையார். யாரைக் கண்டாலும் அவர்களுடைய சால்வையை இழுத்துப் போர்த்திவிட்ட பிறகே பேசுவார். அவரைப் போல ஆக வேண்டும் என்று விரும்பியிருந்தேன்.

என் பயிற்சியை மதிப்பிடத் தேர்வாளர் வந்த காலையில், என் வகுப்பில் முன்பின் அறியாத பெண்கள் அமர்ந்திருந்தார்கள். பள்ளியில் படித்த அவர்களை கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து அம்மையார் ஜீப்பில் அழைத்து வந்திருந்தார். என் மாணவிகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

"வெள்ளனே குளிச்சு, சோலிய விட்டுட்டு வந்திருக்கோம் டீச்சர். பொண்ணு பார்க்க வர்ற மாதிரி சீவிச் சிங்காரிச்சு வேற நிக்கிறோம். உள்ள விடமாட்டேங்கிறாங்க," என்றாள் ஒருத்தி. "எம் பேர நானே எழுதிக் காட்டணும்னு வந்தேன்."

நான் அம்மையாரிடம் சென்றேன். "வெளிய நிக்கிற இவங்களுக்கு எழுதத் தெரியும், மேடம்."

"தெரியும்மா. ஆனா கை நடுங்கும். ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னா உன் சர்டிபிகேட் என்னாகிறது? உனக்காகத்தான் செஞ்சேன்."

தேர்வாளரிடம் உண்மையைச் சொன்னேன். அம்மையார் என் தலையைத் தடவி, "ராத்திரி பூரா தூங்கலை சார். படபடப்புல பேசுது பொண்ணு," என்றார். தேர்வாளர் சிரித்துவிட்டு உள்ளே போனார். எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது.

என் தலையைத் தடவிய அந்தக் கையில் பரிவு இருந்தது. அது போலியாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.