ஒரு சுரம் கீழே

கஸ்பர் மாஸ்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது.

இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் அவர். மாஸ்டர் என்பது மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துவதால் வந்த பட்டம். குழுவில் நாங்கள் பதினொரு பேர். பாலர் பாடசாலை டீச்சரான நானும் அதில் ஒருத்தி.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரப் பாதர் கொடுத்தது. இறந்தவர்களுக்காக இலத்தீனில், வாத்தியம் இல்லாமல், நான்கு குரலில் பாடும் பாட்டு. மாஸ்டரின் மனைவி பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கேசட் ரேடியோவை வைத்து அதைத்தான் போட்டாராம். அதன் பிறகு இருபத்தாறு வருடமாக, வேலை விட்டு வந்தால் அதே ரேடியோவில் அதே கேசட்தான். பாரத்தைச் சுமந்துகொண்டு மேடு ஏறுவது போல மெதுவாகப் போகும். கீபோர்டில் தட்டித் தட்டி அது சி மைனர் என்று கண்டுபிடித்தார். எங்களுக்கும் அதே சுருதியில், அதே வேகத்தில் சொல்லிக்கொடுத்தார்.

நிரோஜினி குழுவில் சேர்ந்தபோது வயது இருபது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வேறு வேலை கிடைக்காமல் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவள். கொழுந்து எடுக்கும் ஜோசப்பினின் ஒரே மகள். நல்ல குரல்தான், ஆனால் இந்தப் பாட்டில் மட்டும் முந்திக்கொண்டு ஓடுவாள். சுருதியையும் மேலே இழுப்பாள். பக்கத்தில் நின்று பாடும் எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "மாஸ்டர், போன்ல இந்தப் பாட்டு இருக்குங்க. ஆனா கொஞ்சம் வேகமா, மேல எடுத்துப் பாடுறாங்க."

"போன்காரனா எனக்குப் பாட்டு சொல்லித் தரப்போறான்? நீ பொறக்கிறதுக்கு முந்தியே கேட்ட பாட்டு புள்ள இது!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்பு, இப்போதைய பாதர் நல்ல மைக் கொண்டுவந்து எங்கள் பாட்டைப் பதிவு செய்தார். முதல் தடவை நடுவிலேயே கலைந்தது. மாஸ்டர் முகம் சிவந்துபோய் நிரோஜினியிடம் வந்தார். "நீ பாட வேணாம். சும்மா வாய மட்டும் அசை." இரண்டாம் தடவை பிசகில்லாமல் வந்தது. ஒரு தொல்லை விட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக் கூடு கலைந்தது. குளவிகள் ஆறு பேரைக் கொட்டின. ஐந்து பேர் பிழைத்தார்கள். நிரோஜினியை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள், நிரோஜினியின் அம்மா ஜோசப்பின் அக்கா மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அந்தப் பாட்டப் போடுங்கண்ணே. என் புள்ள குரல் எதுன்னு காட்டுங்க."

மாஸ்டர் போட்டார். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "இதோ... இதுதான்" என்றார். அது என் குரல். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கார்டுக்குப் படம் தேட, நிரோஜினியின் போனை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பதிவு இருந்தது. பின்னால் அதே பாட்டை ஒரு வெளிநாட்டுக் குழு பாடுகிறது, முன்னால் அவள். ஒரு இடத்திலும் முந்தவில்லை, ஒரு இடத்திலும் விலகவில்லை. மாஸ்டரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அவர் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தார். டி மைனர். ஒரு முழுச் சுரம் மேலே.

ரேடியோவைத் திருப்பி ஆணியைக் கழற்றினார். கேசட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டி தொளதொளவென்று தொங்கியது. இத்தனை வருடமாக அது பாட்டை மெதுவாக இழுத்து, சுருதியையும் இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வேகத்தில்தான் அவர் அழப் பழகியிருந்தார். எங்களையும் பழக்கியிருந்தார்.

அன்றைக்கே ஜோசப்பின் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனோம். மாஸ்டர் உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் காட்டினது அவ குரல் இல்ல தங்கச்சி. அவள நான் பாட விடல. அவ பாடினதுதான் சரி. நான்தான் தப்பு."

"எனக்குத் தெரியும்ணே. பாட்டுப் பதிஞ்ச அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அழுதா. நீங்களா எப்ப வந்து சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "முப்பத்தொண்ணுக்கு அவ சொன்ன மாதிரியே பாடுறோம்."

"நீங்க பாட வேணாம். வீட்ல உக்காந்து அவ போன்ல பாடி வச்சதப் போடுங்க. எல்லாரும் வந்து வரிசையா நில்லுங்க. வாய மட்டும் அசைங்க."

முப்பத்தோராம் நாள் பூசையில் அப்படியே செய்தோம். ஸ்பீக்கரில் நிரோஜினி பாடினாள். மாஸ்டரின் கை பழக்கத்தில் மெதுவாகவே தாளம் போட்டது, அவள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். முன் வரிசையில் ஜோசப்பின் அக்கா எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பத்துப் பேரும் வாயை மட்டும் அசைத்தோம். பாட்டு நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே முடிந்துவிட்டது.