பின்கதவுக்கு அப்பால் சுவர் இருக்கிறதா? கடற்கரையில் அறை தேடுகிறவர்களுக்கு

அன்றைக்கு இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மகள் லதா, மாப்பிள்ளை குமரன், அவர்களுடைய பெண்கள் நிவேதாவும் நாலு வயது மித்ராவும், என் மகன் சேகர். நான் சொல்லச் சொல்ல நிவேதா அவளுடைய தளத்தில் ஏற்றுகிறாள். லீவுக்குப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன மே மாதம், முழு ஆண்டு லீவு. மித்ரா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. இரண்டு நாள் தங்கி வரலாம் என்று முடிவானதும் சேகர் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். கட்டில், நீலத் திரை, தென்னை மரம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் பெண் கொடுக்கும் முன் வீடு பார்க்கப் போவோம். முன்னால் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். பார்க்க வேண்டியது கிணற்றையும் பின்கட்டையும். லதாவைக் கொடுத்தபோது அப்படித்தான் பார்த்தேன். "குயந்த தூங்கப் போற எடம். நேர்ல போயி பின்னால இன்னா கீதுன்னு பாத்துட்டு வா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரை அனுப்பினேன். பைக்கில் போய்ப் பொழுது சாய வந்தான்.

"பாத்துட்டேம்மா. பின்னால ஆள் உசரத்துக்கு காம்பவுண்டு சொவரு. பூனகூட தாண்டாது."

இந்த வார்த்தைகள் ஒன்று குறையாமல் என்னிடம் இருக்கின்றன.

வியாழக்கிழமை காலை 8.20க்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை வண்டி ஏறினோம். போக வர நாலாயிரம், டீசல் உள்பட. செங்கல்பட்டில் நாஷ்டா. இட்லி கல் மாதிரி. பஸ்ஸில் வந்தால் அங்கே மாற வேண்டும். சின்னப் பிள்ளை இருந்தால் வண்டிதான் மேல். திருக்கழுக்குன்றம் வழியாக, மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவக் குப்பத்தை ஒட்டிய விடுதியில் இறங்கும்போது மணி 10.55. மீட்டரில் 68 கிலோமீட்டர்.

அறை வாடகை ஒரு நாளைக்கு 2,600. சுத்தமாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் மட்டும் உப்புக் கரித்தது.

புது இடத்தில் நுழைந்ததும் முன்கதவையும் பின்கதவையும் திறந்து காற்றை ஓடவிடுவது எங்கள் வழக்கம். பின்கதவைத் திறந்தது நான்தான். சிமெண்டு போட்ட சின்ன முற்றம். குறுக்கே கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தரை தொடக் காய்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் சுவர் என்று என் மகன் சொல்லியிருக்கிறானே. விலக்கிப் பார்க்கவில்லை. அது என் தப்பு, மறைக்கவில்லை.

கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை ஆறு தட்டில் வைத்தேன். ஐந்து பேர் உட்கார்ந்தோம்.

லதா குளியலறையைப் பார்த்தாள். மாப்பிள்ளை வாசலுக்கு ஓடினார். நான் விரிப்பை விலக்கினேன்.

சுவர் இல்லை. உடைந்த செங்கல் ஒரு வரிசை. அப்புறம் மணல். அப்புறம் கடல். என் நடைக்கு ஐம்பத்திரண்டு எட்டு என்று பின்னால் எண்ணினேன். அப்போது ஒரு எட்டுகூட வரவில்லை. நிவேதா என்னை இடித்துக்கொண்டு ஓடினாள்.

மித்ரா தலைமுடி சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். கருவாடு காயப்போடும் அம்மாள் ஒருத்தி அவள் கவுனை முதுகுப் பக்கம் முறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த அம்மாளுக்கும் இடுப்பு வரை ஈரம்.

"எந்த ஊரு ஆயா?"

"உத்திரமேரூர் பக்கம்."

"ஏரிக்காரங்களா. அதான் தொறந்து வுட்டுட்டு சோறு துன்னுகினு கீறீங்க. ஏரித் தண்ணி கெடந்த எடத்துல கெடக்கும். இது வந்து இட்டுக்கினு போவும். ஒரு தபா உருட்டிட்ச்சி. ரெண்டாவது அலைக்குள்ள புட்ச்சிட்டேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புடாத. போயி கதவ மூடு."

சத்தம் கேட்டு விடுதிக் காவல்காரர் வந்தார். சுவர் எங்கே என்றேன்.

"போன பொயல்ல வியுந்துட்ச்சிமா. சாருக்கு போன்லயே சொன்னனே. சின்னப் புள்ள கீதுன்னா முன்பக்க ரூம் எடுத்துக்கோங்கன்னு."

"நேர்ல வந்தப்போ காட்டலியா?"

"யாரு நேர்ல வந்தாங்க?"

சேகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா சொல்றாரு இவரு?"

"அன்னிக்கி வெயிலும்மா. செங்கல்பட்டுல தோஸ்து வூட்லயே குந்திட்டேன். போட்டோல சொவரு இருந்துச்சி."

"செரி, போன்ல சொன்னாரே?"

"பாத்துட்டேன்னு உன்னாண்ட சொல்லிட்டனே. அப்பால எப்டி மாத்திச் சொல்றது?"

லதா ஈரத்தோடு பிள்ளையை அணைத்துக்கொண்டு, "எம் புள்ளையவிட உன் வாய்ப்பேச்சு பெர்சா போச்சாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள். மாப்பிள்ளை அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. இன்னும் ஊர் திரும்பாமல் இருந்த டிரைவரிடம் "வண்டிய எடுங்க" என்றார், அவ்வளவுதான். 12.50க்குக் கிளம்பிவிட்டோம். வழியில் மித்ரா, "கடல் என்னத் தூக்கிச்சி ஆயா" என்று சிரித்தாள். வண்டியில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

படத்தைப் பார்த்து அறை எடுக்காதீர்கள். அது எந்த வருஷத்துப் படம் என்று படம் சொல்லாது. நேரில் போங்கள். முடியாவிட்டால் காவல்காரரிடமே பேசுங்கள். முதலாளி சொல்லாததை அவர் சொல்வார். கடல் பார்த்த அறை பெரியவர்களுக்கு. பிள்ளை இருந்தால் ரோட்டுப் பக்கத்து அறை, கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். பெட்டியை இறக்கும் முன் அறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். கொடியில் துணி தொங்கினால் விலக்கிப் பாருங்கள்.

பழைய படத்தை மாற்றாத விடுதிக்காரரை என்றைக்காவது விட்டுவிடுவேன். கதவைத் திறந்த என் கையோடும் ஒருவாறு சமாதானம் ஆகிவிட்டது. மித்ராவை மடியில் உட்கார வைத்துக் காது குத்திய தாய்மாமன் ஒருவன் இருக்கிறான். ஒரு பொய்யைக் காப்பாற்ற அந்தப் பிள்ளையைக் கடல் பக்கம் படுக்க வைக்கத் துணிந்தவன். வீட்டுக்கு வந்தால் சோறு போடுகிறேன். மன்னிக்க மாட்டேன். என் வயிற்றில் பிறந்த சேகர்.