முழங்கையில் மாட்டிய ஹெல்மெட்

ஹெல்மெட் வியாபாரத்துல ஒரு சங்கடம்: சாமான் நல்லதான்னு தெரியணும்னா வாங்கினவர் கீழ விழணும், ஆனா அவர் விழவே கூடாதுன்னுதான் நான் சாமி கும்பிடுறேன். தலை அரிக்குது, காது கேக்கலைன்னு புலம்புற என் சக பாவிகளே, இந்த பலாங்கொடைக் கடைக்காரன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்க.

போலீஸ் நிக்கிற வளைவு

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன்ல மருந்து தெளிக்கிற முருகேசு புது பைக் எடுத்தார். டயருக்கடியில எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, சந்தனப் பொட்டும் வச்சிட்டு நேரா கடைக்கு வந்து, இருக்கிறதுலயே லேசானதா ஒரு ஹெல்மெட் கேட்டார். பின்னால உக்காந்திருக்கிற சம்சாரம் வசந்திக்கு ஒண்ணு வேணாமான்னு கேட்டேன்.

"தோட்டத்து ரோட்டுல ஏதுண்ணே போலீசு? டவுன் வளைவு வந்ததும் நான் மாட்டிக்குவேன், அவ எறங்கி நடந்துக்குவா."

நல்ல சாமான்

ரெண்டே வாரம். மழையில பாசி புடிச்ச ரோட்டுல சறுக்கி, ரெண்டு பேரும் ஓரத்துல தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்தாங்க. வசந்திக்கு நெத்தியில ஆறு தையல். முருகேசுக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்ல. விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் கொண்டாந்து மேசையில வச்சார். மனுசன் அதை முழங்கையில மாட்டியிருந்திருக்கார்! நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள பாராட்டு வந்திருச்சு.

"அருமையான சாமான்ண்ணே, முழங்கைக்கு ஒண்ணுமே ஆகல!"

டிஸ்பென்சர் ஐயா

அந்தத் தையலைப் போட்டவர் தோட்டத்து மருந்துச்சாலையில வைத்தியம் பாக்கிற டிஸ்பென்சர் ஐயா. எத்தனையோ வருசமா இதே வேலை. ஒருநாள் கடைக்கு வந்து, சுவர்ல தொங்குற சரக்கையெல்லாம் அண்ணாந்து பாத்தார்.

"முந்தி பஸ் மிதிபலகையில தொங்கி விழுந்தாங்க, இப்ப பைக்ல விழுறாங்க. சத்தமே போடாத கரண்டு ஸ்கூட்டரும் வந்திருச்சு, இனி நடந்து போறவனுக்கும் ஒண்ணு வித்துருவீங்க போலிருக்கே!"

கண்ணாடியில தொங்கினது

தையல் பிரிச்ச கையோட வசந்தி வந்துச்சு. நல்லதா ரெண்டு எடுத்து, வாரை இழுத்து இழுத்துப் பாத்துச்சு. "வளைவுல மட்டும்தானே போலீசு..."ன்னு வாசல்ல நின்னு முனகினார் முருகேசு. "கானுக்குள்ள கெடந்தப்ப ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு என் உசுரே போயிருச்சு. ஒங்கள எனக்குத்தானே கட்டி வச்சாங்க, போலீசுக்கா?"ன்னு வசந்தி கேட்டதும் அவர் உள்ள வந்து ரெண்டுக்கும் காசை எடுத்து மேசையில வச்சார். அப்பதான் வசந்தி வெளிய நிக்கிற என் ஸ்கூட்டரைப் பாத்துச்சு. என் ஹெல்மெட் சைடு கண்ணாடியில தொங்கிக்கிட்டிருந்துச்சு.

"ஏண்ணே, கண்ணாடிக்கா மண்டை ஒடையப் போகுது?"

நான் வீட்டுக்குப் போற தோட்டத்து ரோட்டுல இன்னைக்கும் போலீஸ் கிடையாது, ஆனா வசந்தி குடியிருக்கிற லயம் அந்த வழியிலதான் இருக்குங்கிறதால மாட்டிக்கிட்டுத்தான் போறேன்.