சீனுவாசனின் வலது கன்னம்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் சீனுவாசன். ஓய்வு பெற்ற பிறகும் டீக்கடையில் அவர் குரல்தான் ஓங்கிக் கேட்கும்.

எழுபதாவது வயதில், 2009-இல், ஒருநாள் பல் துலக்கும்போது வலது கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்று ஒரு வெட்டு. சில நொடிதான். பிறகு சோறு மென்றால் வந்தது, முகம் கழுவினால் வந்தது, ஃபேன் காற்று பட்டாலும் வந்தது. பல்தான் காரணமென்று இரண்டு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை.

பேசினால் உயிர் போயிற்று. பேச்சை விட்டுவிட்டார். பல் எடுத்ததோடு சரியாகிவிட்டதென்று நினைத்திருந்த மனைவி வெள்ளையம்மாளுக்கு அது புரியவில்லை.

“எம்மேல இன்னா கோவம்? நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க!”

அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. மறுநாளே அவரை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனாள்.

முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் உரசுகிறது என்றார் நரம்பு டாக்டர். மாத்திரை இரண்டு வருஷம் தாங்கியது. பிறகு அளவைக் கூட்டக் கூட்டத் தலை சுற்றி, குளியலறையில் விழுந்தார். இதயமும் பலவீனம், மண்டையைத் திறப்பது சரிப்படாது. கதிர் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

“கதிர்னா கேன்சருக்குத்தானே வைப்பாங்க? மறைக்காதீங்க டாக்டர்” என்றாள் வெள்ளையம்மாள்.

“கேன்சர் இல்லம்மா. கத்தியே வைக்காம, நரம்போட வேர்ல மட்டும் கதிரைக் குவிக்கிறோம். வலி குறைய வாரக்கணக்கா ஆகும். கன்னம் மரத்துப்போகவும் செய்யலாம்.”

மரக்க ஊசி போட்டு, தலையில் நான்கு இடத்தில் உலோகச் சட்டத்தைத் திருகினார்கள். இயந்திரத்துக்குள் ஒரு மணி நேரம் படுத்திருந்தார். நடுவில் இரண்டு முறை வலி வெட்டியது. விரல்களை மடக்கிக்கொண்டு கிடந்தார்.

ஊர் திரும்பியும் வலி அப்படியே இருந்தது. “மெட்ராஸ் வரைக்கும் போயி இன்னா பிரயோஜனம்?” என்றார் பக்கத்து வீட்டு முருகையன். சீனுவாசனுக்கும் அதே சந்தேகம்தான். வாயைத் திறக்குமுன், இந்த வார்த்தைக்காக ஒரு வெட்டு வாங்கலாமா என்று யோசிப்பார். பெரும்பாலும் வேண்டாமென்றே தோன்றும். வெள்ளையம்மாள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நாற்பது வருஷத்தில் அவளை அத்தனை நேரம் கேட்டதில்லை.

ஏழாவது வாரம், மயிலத்துக் கல்யாணத்தில் சம்பந்திகள் அப்பளத்துக்குச் சண்டை போட்ட கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவள் திகைத்து நின்றாள்.

“வலிக்கலியா?”

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “இல்ல” என்றார். நம்பாமல் மறுபடியும் தொட்டார்.

அப்புறமும் எப்போதாவது லேசாக மின்னியது. மாத்திரை பாதியாகக் குறைந்தது. உதட்டோரம் மரத்தது மட்டும் மாறவில்லை. தயிர்சோறு ஒட்டியிருந்தாலும் தெரியாது. பல வருஷம் கழித்து வலி திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“திரும்பி வந்தா இன்னா பண்றது?” என்றாள் வெள்ளையம்மாள்.

“வர்றப்ப பாத்துக்கலாம். அந்த அப்பளம் கடைசியில யாருக்குப் போச்சு, அதச் சொல்லு.”